எண்ணெய்ச் சட்டி வைக்காத தீபாவளி

திருச்சி விமான நிலைய வாசலில் அக்காவின் முதுகில் நான் பையை மாட்டிவிட்டதும் அவள் சொன்னாள்: "தம்பி, இதுக்கு யூரியா மூட்ட தேவலடா."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு ஐம்பத்தெட்டு. பெரம்பலூரில் மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை என்னுடையது. வாடிக்கையாளர் வராத நேரத்தில், அதாவது பெரும்பாலான நேரத்தில், கல்லாவில் உட்கார்ந்து பயணப் புத்தகங்களாகப் படித்துத் தள்ளியவன் நான். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறவன் ஊரைப் பார்ப்பதில்லை, முதுகில் சுமந்து நடக்கிறவன்தான் பார்க்கிறான் என்று ஒரு கொள்கை எனக்குள் ஊறியிருந்தது. கொள்கையை வகுக்கும்போது முதுகை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் மாமா. அக்கா வீட்டுக்காரர். ஜெயங்கொண்டம் பக்கத்து டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை மாதத்தில் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் அவரைத் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளாக அவர் பஸ்ஸில் ஏறியவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சாவுக்கு வந்தார்கள்.

எங்கள் சொந்தத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருடம் பண்டிகை கிடையாது. தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, புதுத்துணி இல்லை. முக்கியமாக அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. பலகாரம் மற்ற வீடுகளிலிருந்து வரும். அதோடு முதல் தீபாவளிக்குச் சொந்தபந்தம் எல்லாம் வந்து, வீட்டுக்காரியை நடுவில் உட்கார வைத்து, ஒருமுறை அழுதுவிட்டுப் போவார்கள். இதுதான் அக்காவால் முடியாமல் போனது. ஐப்பசி பிறக்கும் முன்பே போன் செய்தாள்.

"ரூட்டு முழுக்கக் கிளம்பி வரும்டா. ஆளாளுக்கு வந்து அழுவாங்க. நான் ஆளாளுக்குத் தண்ணி மோந்து குடுத்து, அழாதீங்கன்னு சொல்லிக்கிட்டு ஒக்காந்திருக்கணும். ஆறு மாசமா அதான் செய்யறேன். தீவாளி இல்லாத ஊரா பாத்து எங்கயாவது கூட்டிட்டுப் போயிடு."

"கோயமுத்தூர் போயேன், ஒம் பொண்ணு வூட்டுக்கு?"

"அவ மாமியா வூட்ல பண்டிக கொண்டாடுவாங்க. நான் போயி மூலைல குந்தியிருக்கவா?"

அக்கா என்னிடம் எதையும் கேட்கிறவள் அல்ல. கேட்டுவிட்டாளே என்ற பதற்றத்தில் நான் ஆராய்ச்சியில் இறங்கினேன். டெல்லியில் தீபாவளி நம்மூரைவிடப் பெரிது. காசியில் கேட்கவே வேண்டாம். உள்நாட்டில் வழி இல்லை என்று ஆனபோது திருச்சியிலிருந்து மலேசியாவுக்கு மலிவாக டிக்கெட் கண்ணில் பட்டது. வெளிநாடு, ஆகவே தீபாவளி இருக்காது. அக்காவிடமும் பாஸ்போர்ட் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு மாமா தனக்கும் அக்காவுக்கும் எடுத்து வைத்திருந்தார். கண்டக்டர் பாஸ் செல்லாத ஒரு வண்டியிலாவது ஏறிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மலேசியாவில் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர்கள் எப்படிப் போனார்கள், எந்த ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார்கள் என்று விரிவுரையே ஆற்றுவேன். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலைக் கட்டிய ராஜா கப்பல் ஏறிப் போய்க் கடாரத்தை அடித்த கதையை, கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் டிக்கெட் எடுத்த நேரத்தில் இந்த ஞானத்தில் ஒரு சொட்டுகூடப் பக்கத்தில் வரவில்லை. படித்தது எல்லாம் பேசுவதற்குத்தான் பயன்படும் என்பதற்கு நானே சாட்சி.

கோலாலம்பூரில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு படகில் கடலைத் தாண்டிப் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தோம்.  படகில் அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். கரையிலிருந்து விடுதி நடக்கிற தூரம்தான் என்று போனில் வரைபடம் சொன்னது. பைகளைச் சுமந்துகொண்டு நடந்தோம். ஒரு தெரு திரும்பியதும் அக்கா நின்றாள்.

தெருவின் இரண்டு பக்கமும் சீரியல் விளக்கு. நடுவில் தோரணவாயில். அதில் தமிழில், ஆள் உயரத்துக்கு, தீபாவளி நல்வாழ்த்துகள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு. ஜவுளிக்கடை வாசலில் பெண்கள் கூட்டம். எங்கிருந்தோ அதிரசம் வேகிற வாசனை.

"தம்பி, இது எந்த ஊரு?"

"பினாங்கு."

"தீவாளி இல்லாத ஊரு?"

நான் வரைபடத்தை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

"ஜெயங்கொண்டத்துல கூட இவ்ளோ லைட்டு போட மாட்டாங்கடா" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வேறு ஊருக்குப் போய்விடலாம் என்றால் பண்டிகை விடுமுறை. பஸ்ஸில் இடம் இல்லை, நல்ல விடுதிகளில் அறை இல்லை. நான் முன்பதிவு செய்திருந்தது பழைய கடைவீடு ஒன்றின் மாடி. ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள். என் கொள்கைப்படி உலகத்தைப் பார்க்க வந்த இளைஞர்கள் அங்கே போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். மேல் கட்டிலுக்கு நான் ஏணியில் ஏறியபோது ஒரு வெள்ளைக்காரப் பையன் எழுந்து, மரியாதையாக, தன் கீழ்க் கட்டிலை எனக்குக் கொடுத்தான். முதுமை என்பது இப்படித்தான் அறிவிக்கப்படுகிறது போலும். அக்காவுக்கு மட்டும் படிக்கட்டு ஓரத்தில் தனியாக ஒரு சிறிய அறை கிடைத்தது.

விடுதியை நடத்தியது ஒரு தமிழ்ப் பெண்மணி. என் வயது இருக்கும். கீழே பின்கட்டில் குடும்பம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்கக்கா, வாங்கண்ணே! பசியாறிட்டீங்களா?"

காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்று சொல்கிற ஊரில் யாரும் கெட்டவர்களாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. ரொட்டியும் பருப்பும் வந்தது. அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டே அந்தம்மா கேட்டார்: "அண்ணன் வரலீங்களாக்கா?"

"அவருக்குப் பண்டிக டூட்டி" என்றாள் அக்கா.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டதைப் பார்த்தேன். அது யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து மாமா ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் யார் கேட்டாலும் அவள் சொல்லி வந்த பதில். நாக்கில் அப்படியே இருந்தது, வந்துவிட்டது.

"பாவம், நம்மாளுங்களுக்கு எந்த ஊர்லயும் இதே கததான் லா" என்று அந்த ஊர் 'லா'வை ஒட்டிச் சொல்லிவிட்டு அந்தம்மா உள்ளே போனார்.

மாலையில் கடற்கரைச் சுவரில் போய் உட்கார்ந்தோம். எதிர்க்கரையில் மலை தெரிந்தது. அதற்கு வடக்கேதான் கடாரம் என்று கையை நீட்டினேன். நம்ம பக்கத்திலிருந்து கடைசியாக இங்கே வந்தவர் யானையோடு வந்தார், நாம் பையோடு வந்திருக்கிறோம் என்றேன். திருச்சியிலேயே தயார் செய்து வைத்திருந்த நகைச்சுவை. அக்கா சிரிக்கவில்லை.

"ஏண்டா அப்படிச் சொன்னேன்?"

"எப்படி?"

"டூட்டின்னு. இப்ப அவங்க நெனப்புல அவரு எங்கயோ வண்டில நின்னுக்கிட்டு டிக்கெட் போட்டுக்கிட்டு இருக்காரு." எதிர்க்கரையைப் பார்த்தபடியே, "நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.

 எல்லாவற்றுக்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் கையில் எதுவும் இருப்பதில்லை.

மறுநாள் பண்டிகைக்கு முந்தின நாள். வாசலைக் கழுவிவிடப் போன அந்தம்மா வழுக்கி விழுந்ததில் அவருக்கு வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. நான் போனபோது துணி சுற்றிய கையோடு பின்கட்டு அடுப்படியில் நின்றிருந்தார். முறுக்கு மாவு பிசைந்து அண்டாவில் இருந்தது. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர், சவாரியில் இருந்தார். மகள் சிங்கப்பூரில் வேலை, மறுநாள்தான் வருவாள். அந்த ஊரில் தீபாவளி அன்று வீட்டைத் திறந்து வைப்பார்கள், சீனர், மலாய்க்காரர் என்று தெருவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். மாவை வைத்துக்கொண்டு அந்தம்மா அழாத குறை.

"நான் பிழியறேன்" என்றேன். பைப் வியாபாரிக்கு ஓட்டை வழியாக ஒரு பொருளை அனுப்புவதில் என்ன கஷ்டம்?

முறுக்குப் பிழிகிற மர உரலில் மாவை அடைத்து அழுத்தினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. தட்டில் விழுந்ததை முறுக்கு என்று சொல்லப் பெரிய மனது வேண்டும். அந்தம்மாவுக்கு அந்த மனது இருந்தது. "பரவாலண்ணே, சுத்துனா சரியா வந்துரும்" என்றார். எதைச் சுற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா நிலைப்படிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். துக்கம் கழியாதவள் இன்னொரு வீட்டுப் பண்டிகைச் சட்டியில் கை வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் அக்கா முறுக்கு என்றால் தனிப் பேர். ஐப்பசி பிறந்தால் நான்கு வீட்டுக்குப் பிழிந்து கொடுப்பாள். இந்த வருடம் அவளை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிடவும் மாட்டார்கள். அவள் விரல்கள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தன.

"அக்கா, நீங்க பிழிவீங்களா?" என்று அந்தம்மா கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொல்லிவிடுவேனோ என்று பார்த்தாளா, சொல்லிவிடு என்று பார்த்தாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சுவரில் மாட்டியிருந்த சீன நாட்காட்டியைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மாவைக் கிள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். பிறகு பிழிந்தாள். மூன்று சுற்று, கடைசியில் வாலை உள்பக்கமாக மடித்து விரல் நுனியால் ஒரு அழுத்து. அடுத்தது. அடுத்தது. நான் கரண்டியை வைத்துக்கொண்டு எண்ணெயிலிருந்து எடுக்கிற உத்தியோகத்தில் அமர்த்தப்பட்டேன்.  எண்ணெயின் சத்தம் மட்டும் இருந்தது. அக்காவின் முகத்தில் சித்திரைக்குப் பிறகு இல்லாத ஒரு நிதானம் வந்திருந்தது. அண்டா காலியாகும்வரை அவள் நிமிரவில்லை.

அந்தம்மா ஒரு வெள்ளித் தட்டைக் கொண்டுவந்தார். "முத ஈட்டுலேந்து அஞ்சு எடுத்து வைங்கக்கா. சாமிக்கு."

"இருங்க" என்றாள் அக்கா.

எழுந்துகொண்டாள். கை முழுக்க மாவு. "சாமிக்கு வேணாம்மா. அவரு டூட்டில இல்ல. சித்திரைல போயிட்டாரு. நான் இந்த வருசம் சட்டியில கை வைக்கக் கூடாது. தெரிஞ்சேதான் வச்சேன்."

அந்தம்மா அடுப்பை அணைத்தார். சத்தம் அடங்கியபோது தெருவில் ஓடுகிற பாட்டு கேட்டது.

"ஏங்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா எந்திரின்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா" என்றார் அந்தம்மா. "சொல்லித்தான் இருப்பேன்."

பொய்யாகச் சமாதானம் சொல்லவில்லை. அதற்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. வெள்ளித் தட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார். குவிந்து கிடந்த முறுக்கைப் பார்த்தார். வருத்தப்படுகிறாரா, கணக்குப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை. இடது கையால் ஒரு முக்காலியை அக்கா பக்கம் தள்ளினார்.

"சாமிக்கு நான் கடைல வாங்கிக்கறேன். வர்றவங்களுக்கு இதுதான். ஒக்காருங்க." தானும் எதிரில் உட்கார்ந்தார். "அண்ணன் எப்படி? பேசுவாங்களா, உம்முன்னு இருப்பாங்களா?"

 அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்கவே இல்லை. ஊரில் எல்லோருக்கும் மாமாவைத் தெரியும். தெரிந்த ஆளைப் பற்றி எவன் கேட்பான்? எப்படிப் போனார் என்று கேட்டார்கள். எப்படி இருந்தார் என்று கேட்கவில்லை. நானும்தான்.

"பேசுவாரா?" என்றாள் அக்கா. "வூட்டுக்குள்ள வந்தாக்கூட, உள்ள போ, உள்ள போ, எடம் இருக்குன்னுதான் பேச்சு. இருக்கறதே மூணு பேரு."

பிறகு நிறுத்தவில்லை. தீபாவளி அன்று ஊரே காலையில் கொண்டாடும், தன் வீட்டில் மட்டும் மாமாவின் கடைசி நடை முடிந்து அவர் வந்த பிறகுதான் பண்டிகை என்றாள். அவருக்கென்று ஒரு கை மாவு எடுத்து வைத்திருப்பாளாம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் எண்ணெயைக் காயவைப்பாள். அவர் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் வந்து நிற்பார். உடைந்த முறுக்கைத்தான் முதலில் எடுப்பார். முழுசு இருக்கே என்றால், அது அடுத்த பாசஞ்சருக்கு என்பார். நான் வருடா வருடம் மறுநாள் சீர் எடுத்துக்கொண்டு போய், சாப்பிட்டு, அரசியல் பேசிவிட்டு வந்திருக்கிறேன். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் அழுதாள். சத்தமில்லாமல், மாவுக் கையை முகத்தில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டு. அந்தம்மா அழாதீங்க என்று சொல்லவில்லை. தண்ணீர் மோந்து கொடுத்தார். இந்த முறை குடிக்கிற இடத்தில் அக்கா இருந்தாள்.

தீபாவளி அன்று அவள் எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை, பழைய சேலைதான். சாமி கும்பிடுகிற நேரத்தில் மாடியில் இருந்தாள். விருந்தினர் வர ஆரம்பித்ததும் கீழேயிருந்து குரல் வந்தது: "அக்கா, தட்டு காலியாவுது, எங்க இருக்கீங்க?" அதற்குப் பிறகு மாலைவரை பின்கட்டில் நின்று தட்டுகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுச் சீனப் பெரியவர் முறுக்கைக் கடித்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கீழ்க் கட்டிலைக் கொடுத்த பையன் நான்காவது தடவை வந்தான். இந்தப் பயணத்தில் நான் பார்த்த உலகம் பெரும்பாலும் அந்த அடுப்படிதான். கொள்கையைத் திருத்தி எழுத வேண்டும்.

கிளம்பும்போது அந்தம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். மூடியைச் சுற்றி ஒட்டு நாடா. உள்ளே என்ன என்று கேட்க வேண்டியதில்லை.

"உங்க வீட்டுல சட்டி வைக்கக் கூடாது, சரி. எங்க வீட்டுப் பலகாரம் வரலாம்ல?"

அக்கா டின்னை வாங்கிக்கொண்டாள். தன் பையில் அதற்கு இடம் செய்ய, அதுவரை அவள் சுமந்த என் புத்தகங்களை எடுத்து என் பையிலேயே திணித்தாள்.

ஊருக்கு வந்த மறுநாள் காலையிலேயே சொந்தம் வந்துவிட்டது. பண்டிகையன்று வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். இரட்டிப்பு வேகத்தில் இருந்தார்கள். வரதராஜன்பேட்டையிலிருந்து மாமாவின் தங்கை, அக்காவுக்கு நாத்தனார், தலைமையேற்று வந்தார்.

"வருசம் திரும்பல, அதுக்குள்ள ஏரோப்ளேன் கேக்குதா அண்ணி? எங்கண்ணன் இருந்தா விட்டிருப்பாரா?"

"அவருதான் பாஸ்போர்ட்டே எடுத்துக் குடுத்தாரு" என்றாள் அக்கா. "ஒக்காரு."

பாய் விரித்தாயிற்று. நாத்தனார் மூச்சை இழுத்து அழுகையை ஆரம்பிக்கப் போன நேரத்தில் அக்கா டின்னைத் திறந்து தட்டில் கொட்டி நடுவில் வைத்தாள். துக்க வீட்டுக்கு வந்த பலகாரத்தை மறுக்கக் கூடாது. ஆளுக்கொன்று எடுத்தார்கள். வாயில் முறுக்கோடு ஒப்பாரி வைப்பது யாராலும் ஆகாது.

நாத்தனார் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மடித்து அழுத்திய வால் நுனியில் அவர் விரல் நின்றது.

"அண்ணி, இது உங்க கையி."

"பினாங்குல ஒரு வூட்ல குடுத்தாங்க" என்றாள் அக்கா.

நாத்தனார் என்னைப் பார்த்தார். எனக்குச் சீன நாட்காட்டி எதுவும் எதிரில் இல்லை. அக்காவின் சுவரில் மாமாவின் படம்தான் இருந்தது. அதைப் பார்த்தேன். நாத்தனார் மேற்கொண்டு கேட்கவில்லை. கையில் இருந்த முழு முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டு, ஓரத்தில் கிடந்த உடைந்த துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டார்.

"எங்கண்ணன் சின்ன புள்ளலேயே இப்படித்தான்" என்றார் மெதுவாக. "ஒடஞ்சது எல்லாம் அதுக்கு. முழுச எனக்கு வச்சிரும்."

"அப்படியா?" என்றாள் அக்கா. "என்கிட்ட பாசஞ்சருக்குன்னு சொல்லுவாரு."

நாத்தனார் சொல்ல ஆரம்பித்தார். அக்கா கேட்டாள். சாயந்தரம்வரை யாரும் கிளம்பவில்லை. இடையில் அழுதார்கள், சிரித்தார்கள், காபி போட்டது நான்.

எல்லோரும் போன பிறகு அக்கா அந்த டின்னைக் கழுவி, துடைத்து, திண்ணையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு வாசலில் பெரம்பலூர் கிளம்பிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

"தம்பி, அடுத்த தீவாளிக்கு நமக்கு வருசம் திரும்பிடும்ல?"

"ஆமா."

"அந்தம்மா டின்னு இங்க இருக்கே. வெறுமனயா திருப்பிக் குடுக்கறது? வூட்ல சுட்டு எடுத்துக்கிட்டுத்தான் போவணும்." ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஆனா இந்தத் தடவ சக்கரம் வச்ச பொட்டிடா."